மூன்றே முக்கால் வயதில் எட்டுச் சொத்தைப் பற்கள்: முழு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்யலாமா?

தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. மகளுக்கு மூன்றே முக்கால் வயது, எடை 14 கிலோ. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருக்கின்றன. கடைவாய்ப் பற்கள் நான்கில் குழி விழுந்திருக்கிறது. ஒரு மருத்துவர், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும், விட்டுவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர், எட்டுப் பல்லையும் முழு மயக்கத்தில் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம் என்கிறார். பல் சிகிச்சையின்போது குழந்தைகள் இறந்த செய்திகளைப் படித்ததிலிருந்து அந்தத் தாய்க்குத் தூக்கம் போய்விட்டது. ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டைத்தான் வாங்குகிறார். பத்து மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கும் இப்படி ஆகிவிடுமோ என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

முதலில் நேரடியான பதில். கடைவாய்ப் பற்களை விட்டுவிடலாம் என்று சொன்னவர் சொன்னது தவறு. முழு மயக்கம் என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை பற்களை மயக்கமே இல்லாமல் காப்பாற்ற முடியும் என்று பார்த்திருக்க வேண்டும். மயக்கம் தேவைதான் என்று முடிவானால், எந்த மருந்து, எந்த மருத்துவமனை என்பதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பல் மருத்துவர் வாய்க்குள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் உங்கள் குழந்தையின் மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர் யார்? நீங்கள் படித்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில்தான் போய் முடியும்.

பால் பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பால் கடைவாய்ப் பற்கள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் மகளுக்கு அவை இன்னும் ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அதற்குமுன் அவற்றை இழந்தால் பின்னாலிருக்கும் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய நிரந்தரப் பல்லின் இடத்தை அடைத்துவிடும். பிற்பாடு கம்பி போடும் செலவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. வேர் நுனியில் சீழ் கட்டினால், அதன் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் குறையோடு வரவும் வாய்ப்புண்டு. மேலும், பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே நரம்பிருக்கும் அறையோ பெரியது. பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து போகும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடுவது இதனால்தான்.

உங்கள் மகளின் கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. குழந்தை பால் குடிக்கும்போது நாக்கு கீழ் முன்பற்களைப் போர்த்திக்கொள்ளும். நாக்கின் அடியில் சுரக்கும் எச்சிலும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கும். மேல் முன்பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு எச்சில் சுரப்பும் இரவில் குறைந்துவிடுவதால், சர்க்கரையோ பனங்கற்கண்டோ கலந்த பால் மேல் பற்களின் ஓரத்தில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. பழுப்பு நிறம் வருவதற்கு முன்னால், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சு மட்டுமே போதும், ஊசியும் வேண்டாம், துளைக்கும் கருவியும் வேண்டாம். மேல் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லாததால்தான் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாமல் போகிறது. பகலில் வெல்லம் போட்ட சத்துமாவும், பாலில் தோய்த்த ரஸ்க்கும், நாள் முழுக்கக் கையில் ஒரு பிஸ்கட்டும் இதற்குத் துணை போகின்றன. எவ்வளவு இனிப்பு என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மயக்கத்தின் ஆபத்தோடு சேர்த்தே எடை போட வேண்டும். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கவனிக்கப்படாத ஒரு சொத்தைப் பல்லின் தொற்று மூளை வரை பரவிப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். ஏழைக் குழந்தைகளின் பல் மருத்துவ வசதியைப் பற்றி அந்த நாடே பேசும்படி ஆன நிகழ்வு அது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளைப் பார்ப்பது எங்களுக்கு அரிதில்லை. வீக்கம் கண்ணின் கீழ் இமையை எட்டினாலோ, தாடைக்கு அடியில் பரவினாலோ, குழந்தை விழுங்கவும் வாய் திறக்கவும் சிரமப்பட்டாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடையில் வீட்டில் நடக்கும் வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூச்சிப்பல் என்று நாம் சொல்வதால் உள்ளே பூச்சி இருப்பதாகவே நம்பி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அதன் புகையை வாய்க்குள் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தட்டில் வெள்ளையாக விழுவதைப் 'புழு' என்று காட்டுவார்கள். அது சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிவந்த முளை, பல்லிலிருந்து எதுவும் விழவில்லை. அந்தப் புகையில் வாய் வெந்துபோன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைப்பதும் ஈறைப் புண்ணாக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் கல்லீரலுக்கே கேடு. பல் முளைக்கும்போது ஈறில் தடவும், பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குலைத்துவிடக்கூடும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே நிமிசுலைடு என்ற வலி மருந்தைக் கொடுப்பதை இந்தியா 2011இலேயே தடைசெய்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மருந்தின் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள். வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் போதும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 210 மில்லிகிராமுக்கு மிகாமல், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாமல்.

இனி மயக்கம் இல்லாமல் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம். இந்த இருபது ஆண்டுகளில் குழந்தைப் பல் மருத்துவம் அதிகம் மாறியிருப்பது இங்கேதான்.

சில்வர் டயமீன் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. குழியை உலர்த்தி, சிறு பிரஷ்ஷால் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நிமிடம் வைத்திருந்தால் போதும். 38 சதவீதக் கரைசலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவினால் பத்துக் குழிகளில் ஏறத்தாழ எட்டு அப்படியே நின்று இறுகிவிடுகின்றன. ஊசி இல்லை, அழுகை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்றுண்டு: சொத்தை இருந்த இடம் கரிக்கட்டைபோல் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்பல்லில் தடவுவதற்கு முன் மருத்துவர் இதைப் படம் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தடவிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்த பாட்டி, நல்ல பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்த கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம். பாட்டியின் பக்கம்தான் நியாயம்.

இன்னொன்று, ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் தன் கிளினிக்கில் கையாண்டு, அவர் பெயராலேயே அழைக்கப்படும் முறை. கடைவாய்ப் பல்லில் சொத்தையைச் சுரண்டாமல், ஊசி போடாமல், முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் எவர்சில்வர் தொப்பியைச் சிமென்ட் வைத்து அப்படியே அழுத்தி மாட்டிவிடுவார்கள். சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவதா என்று கேட்கத் தோன்றும்; எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உணவு போய்ச் சேராத கிருமி அமிலம் சுரக்க வழியில்லாமல் அடங்கிவிடுகிறது என்பதே இதன் அடிப்படை. ஸ்காட்லாந்திலேயே நடந்த ஆய்வுகளில் சாதாரணமாகத் துளைத்து அடைப்பதைவிட இது நன்றாகவே நின்றது. இரண்டு மூன்று நாட்கள் கடி உயர்ந்ததுபோல் இருக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும். ஆனால் இது நரம்பு கெடாத பல்லுக்கு மட்டுமே பொருந்தும். இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து அழும் வலியோ, ஈறில் பருப்போல் சீழ்க் கட்டியோ இருந்தால் அந்தப் பல்லுக்கு நரம்புச் சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். இதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நரம்புச் சிகிச்சைக்கும் பல் எடுக்கவும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படும். பாதுகாப்பானதுதான், ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் மருந்தைக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது. உங்கள் மகளின் எடைக்கு அது சுமார் 61 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் மில்லிக்கு 20 மில்லிகிராம் இருப்பதால் ஏறத்தாழ 3 மில்லியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஊசிக்கு முன் அடிக்கும் ஸ்பிரேயும் இந்தக் கணக்கில் சேரும். நான்கு மூலையிலும் ஒரே நாளில் ஊசி போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், குழந்தையை முதலில் தராசில் நிறுத்தினார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்தே இருக்கும்; குழந்தை அதை வேடிக்கையாகக் கடித்துக்கொண்டே இருந்து, மறுநாள் உதடு வீங்கி வெள்ளைப் புண்ணோடு வருவாள். அது சீழ் இல்லை, மருந்தின் ஒவ்வாமையும் இல்லை. மரப்பு தெளியும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே வழி.

உங்கள் பயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மயக்கம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் படிகள் உண்டு. மூக்கில் சிறு முகமூடி வைத்து, ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடில் குழந்தை விழித்தே இருக்கும், பேச்சுக்குப் பதில் சொல்லும். முகமூடியை எடுத்து ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். படிகளில் ஆபத்து குறைந்தது இதுவே, ஆனால் மூன்றே முக்கால் வயதில் முகமூடியை வைத்துக்கொள்ளச் சம்மதிக்காத குழந்தைக்கு இது உதவாது. மறுமுனையில், அறுவை அரங்கில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்துக் கொடுக்கும் முழு மயக்கம். பெற்றோருக்கு அதிகப் பயம் தருவது இதுதான், என் கணிப்பில் பயப்பட வேண்டியது இதுவல்ல. இரண்டுக்கும் நடுவே, சாதாரண கிளினிக்கின் நாற்காலியிலேயே, வாய்வழியாகவோ ஊசியிலோ மருந்து கொடுத்துக் குழந்தையை 'லேசாகத் தூங்கவைத்து' வேலை செய்வது இருக்கிறதே, அங்கேதான் கால் வழுக்குகிறது. லேசான தூக்கம் ஆழ்ந்த மயக்கமாக மாறும் கோடு குழந்தைகளுக்கு மிக மெல்லியது. ஒரே அளவு மருந்து ஒரு குழந்தையை மந்தமாக்கும், இன்னொன்றின் மூச்சை நிறுத்தும். குழந்தையின் நாக்கு வாயளவுக்குப் பெரியது, தொண்டைச் சதையும் அப்படித்தான். உடல் எடைக்குக் கணக்கிட்டால் பெரியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்சிஜனைக் குழந்தை செலவழிக்கிறது. ஆகவே மூச்சு நின்றால் சுதாரிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. அதே வாயில் தண்ணீர், பஞ்சு, கருவி, மருத்துவரின் விரல் எல்லாம் இருக்கின்றன.

கலிபோர்னியாவில் 2015ஆம் ஆண்டு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இப்படித்தான் இறந்தான். மயக்கம் கொடுத்தவரும் பல்லை எடுத்தவரும் ஒருவரே. மயக்கத்தைக் கண்காணிக்கும் முறை இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மறு ஆண்டே அங்கு சட்டம் வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் குழந்தைப் பல் மருத்துவர்களின் அமைப்பும் 2019இல் திருத்திய வழிகாட்டுதல், ஆழ்ந்த மயக்கத்தில் பல் சிகிச்சை செய்யும்போது சிகிச்சை செய்பவரைத் தவிர, மயக்கவியலில் பயிற்சி பெற்ற தனி ஒருவர் குழந்தையைக் கவனித்தபடியே இருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சி முடித்தவர்கள் அறையில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். "மயக்க மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று கேள்விப்பட்டால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருக்கிறது என்று காட்டுவார்கள். அது வேண்டியதுதான், ஆனால் தாமதமாகப் பேசும் கருவி. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவி மூச்சு நின்ற அந்தக் கணமே தட்டைக் கோடு போட்டுக் காட்டிவிடும். அது இருக்கிறதா என்று கேட்க நீங்கள் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு முன் குறட்டை, வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு, இரத்தம் உறையாமை, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் வந்த சிக்கல் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போட வேண்டும். நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக இருமலை மறைக்காதீர்கள். வெறும் வயிறு என்பதற்குக் கணக்கு உண்டு: தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மாட்டுப் பாலும் இட்லியும் 6 மணி நேரம். "பசியில் அழுகிறாளே, ஒரு வாய் பால்தானே" என்று யாராவது ரகசியமாகக் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தூக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்து அழைத்து வாருங்கள் என்று யாராவது சொன்னால் அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள்.

மூளை வளர்ச்சி பாதிக்குமா என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மயக்கமும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் எச்சரித்தது. ஏழு நாடுகளில் 722 சிசுக்களை ஐந்து வயது வரை பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஒற்றை மயக்கத்தால் அறிவுத்திறன் குறையவில்லை. உங்கள் மகள் மூன்று வயதைக் கடந்துவிட்டாள். எனவே ஒரே ஒரு முறை, திட்டமிட்டு, தேவையான எல்லாவற்றையும் அந்த ஒரே அமர்வில் முடித்துவிடுவதே முறை. பாதியை இப்போதும் மீதியை அடுத்த ஆண்டும் என்று இரண்டு முறை மயக்கம் கொடுப்பதுதான் தவறு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், குழந்தைப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்த ஒருவரிடம் எக்ஸ்ரேயோடு மூன்றாவது கருத்துக் கேட்பேன். முன்பற்கள் வலியில்லாமல் இருந்தால் சில்வர் டயமீன் தடவிவிட்டு, அவை விழும்வரை கறுப்பைப் பொறுத்துக்கொள்வேன். கடைவாயில் நரம்பைத் தொடாதவற்றுக்கு ஊசியில்லாத தொப்பி. இவ்வளவும் கழிந்த பிறகு ஒரே ஒரு பல் மீதமிருந்தால், பழகிய மருத்துவரிடம் ஊசியோடு முடித்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பற்களில் நரம்பு கெட்டிருக்கிறது, குழந்தை வாயே திறக்க மறுக்கிறாள் என்றால் முழு மயக்கத்துக்குத் தயங்க மாட்டேன். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, கதறக் கதற வேலையை முடிப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை முப்பது வயதிலும் பல் மருத்துவமனை வாசலை மிதிக்காது. தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும்.

பேஸ்ட்டைப் பற்றி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும் இடங்கள் உண்டு என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நீங்கள் குடிப்பது ஒகேனக்கல் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதை முதலில் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் வயிற்றுக்குள் போவது, பேஸ்ட் பல்லின் மேல் நின்று வேலை செய்வது. ஒன்றுக்குப் பயந்து மற்றதை நிறுத்தியதில் உங்கள் மகளின் பற்கள் காவல் இல்லாமல் நின்றுவிட்டன. இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அளவு டியூபிலேயே அச்சிட்டிருக்கும். பழப் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. 1000 உள்ள பேஸ்ட்டை, மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவும், அதற்குக் கீழே ஓர் அரிசி அளவும் வைத்து, நீங்களே உங்கள் கையால் காலையும் இரவும் தேய்த்துவிடுங்கள். அரிசி அளவு முழுவதையும் விழுங்கினாலும் உள்ளே போகும் ஃபுளோரைடு சுமார் 0.1 மில்லிகிராம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளுக்கு ஃபுளோரைடு பூச்சும் தொப்பிகளின் சோதனையும் வேண்டும். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அது விழுந்தால் மறுபடி முளைக்காது.

மகனுக்கு இந்நேரம் கீழே இரண்டும் மேலே இரண்டும் வந்திருக்கும். உங்கள் மடியில் அவன் தலையை வைத்துப் படுக்கவைத்து, மேல் உதட்டைச் சுட்டுவிரலால் தூக்கி, ஈறோரம் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அரிசி அளவு பேஸ்ட்டை அவனுக்கு இன்றிரவே தொடங்கலாம். தூங்கும்போது புட்டி வேண்டுமென்று அழுதால் அதில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுங்கள். மூன்று நான்கு இரவுகள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது, பிறகு பழகிவிடுவான்.